சுமைகூலி

க்தினியாவில் டிசம்பர்.
மூன்றரைக்கே துறைமுக விளக்குகள் எரியத் தொடங்கும்.
காலை ஏழுக்கும் அதே இருட்டு.
என் மின்சாரப் பல்துலக்கி
புதிய பதிப்பு இறங்குகிறது, பொறு, என்கிறது.
ஒன்பது விழுக்காடு.
வாயில் நுரையோடு நிற்கிறேன்.

எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு,
யாரும் கேட்கவில்லை என்றாலும்.
கெட்டிலுக்கு வைஃபை வேண்டாம்.
அது கொதிக்க வேண்டும், பிறகு நிற்க வேண்டும்.
என் வேலையைவிட மரியாதையான வேலை அது.
போனிலிருந்து இயர்போன் துளையைப் பிடுங்கியவர்களை
இன்னும் நான் மன்னிக்கவில்லை
(வயரில்லாத ஜோடியில் இடது காதுக்கானது
டிராலிபஸ் சீட்டுக்கடியில் எங்கோ
இந்த ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது).
பிரிண்டரைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன்.
அது பக்கத்து அறையில்தான் இருக்கிறது.

அலுவலகத்தில் ஜெமோவித்
வருடத்துக்கொரு முறை மதம் மாறுகிறான்.
பழைய ஃபிரேம்வொர்க்கின் ஸ்டிக்கரை
லேப்டாப் முதுகிலிருந்து நகத்தால் சுரண்டுகிறான்.
பசை போகாது.
அதன்மேலேயே புதியதை ஒட்டுகிறான்.

இப்படியிருக்க,
சந்தைக் கூடத்தில் மீன் விற்கும் ஹல்ஷ்கா
ஒரு வலைப்பக்கம் கேட்டாள்.
"இன்றைக்கு ஹெர்ரிங் வந்ததா இல்லையா,
அது தெரிந்தால் போதும், பொக்னா."

ஒரே வாக்கியம்.
நான் டெர்மினலைத் திறந்து ஒரு கட்டளை தட்டினேன்.
ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு தொகுப்புகள் வந்திறங்கின,
கல்யாண வீட்டுக்கு
உறவுக்கு உறவென்று வந்தவர்கள் மாதிரி.
அதில் ஒன்றுக்கு வேலையே
ஒரு எண் ஒற்றையா இரட்டையா என்று பார்ப்பதுதான்.
பதினேழு எச்சரிக்கைகள். மூன்று சிவப்பில்.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.

அவள் போனில் திறந்து காட்டினேன்.
விரிசல் விட்ட திரை, ஓரத்தில் ஒட்டிய செதில்.
ஒன்பது விநாடி வெள்ளை.
பிறகு குக்கீ கேட்டது.
ஈரக் கையுறையோடு அழுத்தினாள், நகரவில்லை.
ஏப்ரனில் துடைத்துவிட்டு அழுத்தினாள்.
"நூற்று நாற்பது கூட்டாளிகளா? யார் இவர்களெல்லாம்?
எனக்கிருப்பது ஒரே கூட்டாளி.
அவனும் குடிகாரன்."

அன்றிரவு எல்லாவற்றையும் அழித்தேன்.
அழிக்கவே நான்கு நிமிடம் ஆயிற்று.
பிறகு கையால் பதினோரு வரி எழுதினேன்,
முதன்முதலாக இந்த வேலையில் சேர்ந்த வாரம்
எழுதியது போல.
படமில்லை. அசைவில்லை. எதற்கும் அனுமதி கேட்கவில்லை.
விரலை எடுப்பதற்குள் பக்கம் வந்து நின்றது.

ஹல்ஷ்கா மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்,
தள்ள எதுவும் இல்லை.
"இவ்வளவுதானா? இதற்கா அந்தப் பணம்?"

கனமாய் இருந்தபோது பேசிய விலையை
இலேசானதற்குத் தரமாட்டாளாம்.
நான் தராசைப் பார்த்தேன். அவள் தராசை நம்புகிறவள்.
பாதிப் பணமும் இரண்டு கிலோ காட் மீனுமாக முடிந்தது.
டிராலிபஸ்ஸில் எல்லோரும் என்னிடமிருந்து
ஒரு இருக்கை தள்ளி உட்கார்ந்தார்கள்.
மஃப்ளருக்குள் என் முகம் நானில்லை என்றது போன்.
மூக்கு நுனியால் கடவு எண்ணை அழுத்தினேன்.
ஜெமோவித்திடம் இதையெல்லாம் சொல்லவில்லை.

வியாழனன்று புயல்.
ஜன்னல் இரவு முழுக்க அடித்துக்கொண்டது.
காலையில் பக்கத்தைத் திறந்தேன்:

ஹெர்ரிங் இல்லை. படகு போகவில்லை.
நேற்றையது யாராவது கேட்டால் கொடுக்கமாட்டேன்.

அவளே மாற்றியிருக்கிறாள்.
எப்படி உள்ளே போனாளோ,
கடவுச்சொல்லை ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்தது
எனக்கே மறந்திருந்தது.
தடித்த எழுத்தைத் திறந்தவள் மூடாமல் விட்டிருக்கிறாள்.
அதற்குக் கீழே இருந்ததெல்லாம், கடை நேரம்,
தொலைபேசி எண், என் சின்னப் பெயர் உட்பட,
தடித்துக் கிடந்தது.

திருத்தக் கை போயிற்று.
உலாவி அதைப் பெரிதுபடுத்தவில்லை.
ஒரு சிவப்பு எச்சரிக்கையும் இல்லாமல்
அத்தனையையும் காட்டிக்கொண்டிருந்தது,
கொஞ்சம் சத்தமாக.